மறையும் காட்சியும் மறையா வினையும்

ஒருவன் செய்த செயல் செய்த அளவிலே கழிந்துபோம்; அதன் பயனோ கழிவதில்லை. இது சித்தாந்த நூல்களைப் பயின்றார்க்குப் புதிதன்று. ஆயினும், செயலின் சுவடு மறைந்தவழி அதன் பொறுப்பும் உடன் மறையுமோ என்னும் ஐயம் இந்நாளில் புதியதொரு கருவியின் வாயிலாக எழுந்துள்ளது. அஃது ஈண்டு ஆராயற்பாலது.

கைப்பேசியால் தம்மைத் தாமே சில நொடிக் காணொளியாகப் பிடித்து நண்பர்க்கு அனுப்பும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அவ்வழக்கம் பெருகுதற்குக் காரணமானவற்றுள் ஒன்று ஸ்னாப்சாட் என்னும் செயலி. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர் சிலர் 2011-ஆம் ஆண்டில் அதனைத் தோற்றுவித்தனர். முதலில் நிழற்படங்களையும், 2012-ஆம் ஆண்டின் இறுதி முதல் பத்து நொடிக்கு மேற்படாத காணொளிகளையும் அதன்வழி அனுப்பலாயினர். குறித்த நொடிகள் கழிந்ததும் காட்சி மறைந்துபோம் என்பதே அதன் தனிச்சிறப்பாகச் சொல்லப்பட்டது. 2013-இல், நண்பர் பலரும் 24 மணி நேரம் வரை காணத்தக்க 'கதைகள்' என்னும் பகுதி அதிற் சேர்ந்தது. இம்முறையை 2016-இல் இன்ஸ்டாகிராமும் 2017-இல் வாட்ஸ்அப்பும் மேற்கொண்டன.

இங்ஙனம் மறைதலை நன்மையெனக் கொள்வார் கூறுமாறு: திண்ணையிலிருந்து இருவர் பேசும் பேச்சுக் காற்றோடு போகின்றது, அதனை எவரும் எழுதி வைப்பதில்லை, அதனாலன்றோ அவர் மனந்திறந்து பேசுகின்றனர்? இளமையிற் செய்த பேதைமையெல்லாம் அழியாது நிற்குமாயின், திருந்திய ஒருவனும் தன் பழைய கோலத்தாலேயே அளக்கப்படுவான். ஆதலின் மறையும் காட்சியே மக்களியல்புக்கு ஒத்தது என்பர்.

இவ்வுரை முற்றும் தள்ளற்பாலதன்று. பிறர் பிழையை மறத்தல் சான்றோர் இயல்பு. மறதிக்கு இடங்கொடாத கருவி மன்னிப்புக்கும் இடங்கொடாது. ஆயினும், மறைந்துபோவதனால் எதனையும் காட்டலாம், எவரையும் காட்டலாம் என்று அதினின்றும் முடிவு கொள்வாரிடத்து இரண்டு பிழைகள் உள்ளன.

முதலாவது, மறைந்தது என்று கருதப்பட்டது மறையவில்லை என்பது. ஸ்னாப்சாட் நிறுவனம் மறைதலைப்பற்றித் தந்த உறுதிமொழி மெய்யன்று என்று அமெரிக்க நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனத்தோடு உடன்பாடு செய்தது. பிறர் ஆக்கிய செயலிகளைக்கொண்டு காட்சிகளைச் சேமித்து வைக்கக்கூடும் என்பதும், கைப்பேசியைக் கணினியோடு இணைத்துக் காணொளிகளை எடுத்துக்கொள்ள முடிந்திருந்தது என்பதும் அக்குற்றச்சாட்டுள் அடங்கியவை. 20 ஆண்டுகள் அந்நிறுவனத்தின் தனியுரிமைக் காப்பினைப் பிறரொருவர் மேற்பார்த்தல் வேண்டும் என்பது அவ்வுடன்பாட்டின் ஒரு கூறு. இவையெல்லாம் திருத்தப்படினும், ஒரு கைப்பேசியில் ஓடும் காட்சியை மற்றொரு கைப்பேசியாற் பிடித்துக்கொள்வானை எந்நிறுவனம் தடுக்கவல்லது?

இரண்டாவது பிழை இதனினும் நுட்பமானது. கருவி கூறியபடியே காட்சியை முற்றும் அழித்துவிட்டது என்றே கொள்வோமாயினும், அழிந்தது ஒளியுருவு மாத்திரையே. உள்ளது இல்லதாகாது, காரணத்தில் ஒடுங்கி நிற்கும் என்பது சற்காரியவாதம். அயர்ந்து உறங்கும் தோழனொருவனின் அலங்கோலத்தை ஒருவன் நகைப்பிற்காகப் படம்பிடித்துப் பதின்மர்க்கு அனுப்பினான் என்று கொள்க. மறுநாள் அக்காட்சி எங்குமில்லை. ஆனால், அப்பதின்மரும் அத்தோழனை நோக்கும் நோக்கில் அது நிற்கின்றது. அனுப்பினவனிடத்தும் நிற்கின்றது, பிறரை இழிவுபடுத்துதற்கண் அவனுக்கிருந்த கூச்சம் ஒருபடி தேய்ந்தது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பாகலின், அடுத்தமுறை அவன் கை முன்னினும் எளிதில் எழும்.

அற்றேல் இவ்வழக்கத்தையே விலக்குதல் வேண்டுமோ எனின், வேண்டா. கடல்கடந்து வாழும் மகள், தன் குழவி முதலடி வைப்பதனைப் பத்து நொடியில் தன் தாய்க்குக் காட்டுதல் அன்பின் செயலே. காட்டுதலிற் குற்றமில்லை. காட்டப்பட்டதனைப் பெற்றவன் அதனை யாதாகக் கொள்கின்றான் என்பதே வினா.

நம்பி அனுப்பப்பட்டது அடைக்கலப்பொருள். நங்கையொருத்தி மறைந்துபோம் என்னும் துணிவினால் தனக்கினிய ஒருவனுக்கு மட்டும் அனுப்பிய காணொளியை அவன் களவாகப் பிடித்து வைத்துப் பலரறியப் பரப்புவானாயின், உலகம் முதலிற் கேட்பது, 'அவள் ஏன் அனுப்பினாள்?' என்பதே. இஃது அடைக்கலம் வைத்தாரைப் பழித்து, அதனைக் கவர்ந்தவனை விடுத்தலாகும். ஆராய்ந்து அனுப்புக என்பது அறிவுரை. பெற்றதனைக் காக்க என்பது அறம். அறிவுரையிற் றவறினார்க்கு இழப்பு நேரலாம். அறத்திற் றவறினானுக்கோ வினை நேரும். இவ்விரண்டும் ஓரளவின அல்ல. பழி எவர்மேற் செல்லற்பாலது என்பதில் உலகம் மயங்குமாயின், கவர்ந்தவன் ஒருவன் செய்த தீமைக்கு ஊரார் அனைவரும் துணைநின்றாராவர்.

மறைத்துக் காப்பேன் என்னும் உறுதி கருவியினால் தரத்தக்கதன்று. பெற்றவன் நெஞ்சினால் மட்டுமே தரத்தக்கது. அந்நெஞ்சுடையான் கையில் அழியாது நிற்கும் படமும் தீங்கு செய்யாது. அஃதில்லான் கையில் ஒரு நொடியில் மறையும் படமும் தீங்கு செய்யும். ஆதலின், சில நொடிக் காணொளியொன்று கைக்கு வரும்பொழுது, 'இது எப்பொழுது மறையும்?' என்று எண்ணுதலை விடுத்து, 'இதனை நம்பித் தந்தவர் யாவர்?' என்று எண்ணுதலே அறிவுடையார் கடனாம்.