கிளியின் கண் இருக்கட்டும், உன் கண் எங்கே?

குண்டு குறியில் விழவில்லை. உடனே என்ன சொல்கிறாய்? "எனக்குக் கை நடுங்குது, இதெல்லாம் எனக்கு வராது." நிறுத்து! உன் கையின் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒரு விசாரணை பாக்கி இருக்கிறது.

ரைஃபிளில் குண்டு இல்லை என்று திறந்து பார்த்து உறுதி செய்துகொள். மணல்மூட்டையின் மேல் அசையாமல் கிடத்து. ரைஃபிளின் தொலைநோக்கியான ஸ்கோப்பின் குறுக்குக்கோடு இலக்கின் நடுவில் நிற்கட்டும். இப்போது ரைஃபிளைத் தொடாமல் தலையை மட்டும் மெல்ல மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்து. கோடு இலக்கின் மேல் ஊர்கிறதா? ரைஃபிள் அசையவில்லை, இலக்கும் அசையவில்லை. கோடு மட்டும் ஓடுகிறது! பள்ளிக்கூடத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்துத் திட்டு வாங்கினாயே, அதே இடமாறு தோற்றப் பிழைதான் இது. அன்று ஒரு மில்லிமீட்டர் போனது. இன்று ஆட்டமே போகிறது.

பொருளருகு லென்ஸ் இலக்கின் பிம்பத்தைக் குழாய்க்குள் ஓரிடத்தில் விழவைக்கிறது. குறுக்குக்கோடும் அதே தளத்தில் இருந்துவிட்டால் நீ தலையை எப்படி ஆட்டினாலும் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். இலக்கின் தூரம் மாறி, பிம்பம் முன்னே பின்னே விலகினால் வம்பு. ஜன்னல் கம்பியும் தெருமுனை வேப்பமரமும் போலத்தான்: நீ நகர்ந்தால் கம்பி மரத்தைத் தாண்டிப் போகும்.

எவ்வளவு போகும்? இங்கிலாந்தில் 'ஃபீல்ட் டார்கெட்' என்று ஒரு காற்றுத்துப்பாக்கிப் போட்டி உண்டு. எலி, முயல் வடிவில் இரும்புத் தகடுகள்; ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட ஓட்டை. ஓட்டைக்குள் குண்டு புகுந்தால் தகடு சாயும். தகட்டில் பட்டால் அப்படியே நிற்கும். தூரம் 8 கஜத்திலிருந்து 55 கஜம் வரை. சிறிய ஓட்டையின் விட்டம் 15 மி.மீ. 100 கஜத்துக்கென்று தொழிற்சாலையிலேயே சரிசெய்து பூட்டிய, 40 மி.மீ. லென்ஸ் உள்ள வேட்டை ஸ்கோப்பை அங்கே கொண்டுபோனால் என்ன ஆகும்? லென்ஸின் ஆரம் 20 மி.மீ. இலக்கு 10 கஜத்தில். பூட்டிய தூரத்துக்கு 90 கஜம் குறைவு. இருபதை 90-ஆல் பெருக்கி 100-ஆல் வகு. உன் கண் ஓரத்துக்கு விலகியிருந்தால் பிழை 18 மி.மீ. வரை! ஓட்டையின் நடுவைக் குறிவைத்த குண்டு வெளியே இரும்பில் போய் மோதும். இதில் கை நடுக்கத்துக்கு என்ன வேலை? நீ இத்தனை நாள் உன்னைத் திட்டிக்கொண்டது வீண்தானே?

அதே கணக்கில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கண் ஸ்கோப்பின் நடு அச்சில் இருந்தால் பிழை பூஜ்யம். மலிவான ஸ்கோப், இந்தப் பிழையைத் திருத்தும் திருகி இல்லாத ஸ்கோப், எதுவாக இருந்தாலும் பூஜ்யம்! "அவன்கிட்ட விலை உயர்ந்த கருவி இருக்கு" என்று இனி யாரிடம் புலம்புவாய்? ஒவ்வொரு முறையும் கன்னத்தை ரைஃபிள் கட்டையில் ஒரே இடத்தில் வை. காட்சி வட்டத்தின் ஓரத்தில் பிறைபோல நிழல் தெரிந்தால் கண் விலகிவிட்டது என்று பொருள். நிழல் போகும்வரை சுடாதே. ஆயிரம் முறை கன்னம் வைத்துப் பழகு. காசு கேட்காத பயிற்சி இது. அர்ஜுனனுக்குக் கிளியின் கண் மட்டும் தெரிந்த கதையை எல்லோரும் உனக்குச் சொல்லியிருப்பார்கள். உன் கண் எங்கே இருக்கிறது என்று எவராவது கேட்டார்களா?

பிழை என்றதும் தலை குனியாதே. இதே பிழையை வைத்துத் தூரத்தையும் அளக்கலாம். பூமி சூரியனைச் சுற்றி அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் போவதும் ஒரு தலையசைப்புதான். அந்த அசைப்பில் ஒரு விண்மீன் கடுகளவு நகர்வதைப் பிடித்து, 1838-இல் ஃபிரீட்ரிக் பெசல் அதன் தூரத்தைச் சொல்லிவிட்டார். அன்னமண்டலத்தின் 61 சிக்னி அது. ஏறக்குறைய 11 ஒளியாண்டு. ஃபீல்ட் டார்கெட்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. பிழை திருத்தும் பக்கத் திருகியில் தட்டுபோலப் பெரிய சக்கரம் மாட்டி, அதில் கஜக் குறிகளை ஒட்டி, பிம்பம் எங்கே துல்லியமாகிறது என்று பார்த்தே தூரத்தைக் கணித்துவிடுகிறார்கள். வெயில் ஏறினால் குறி கொஞ்சம் நகரும் என்பதால் வெப்பநிலையையும் கணக்கில் வைக்கிறார்கள்!

உன் ஸ்கோப்பில் திருகி இருக்கிறதா? வா. முதலில் கண்ணருகு வளையம். வெறும் வானத்தை நோக்கு (சூரியன் பக்கம் திரும்பவே கூடாது). குறுக்குக்கோடு பார்த்த மாத்திரத்தில் கூர்மையாகத் தெரியும்வரை அந்த வளையத்தைத் திருப்பு. உற்று உற்றுப் பார்த்தால் கண் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு உன்னை ஏமாற்றிவிடும். பார், விலகு, மறுபடி பார். பலர் இந்த முதல் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு, பிறகு காலமெல்லாம் திருகியைத் திட்டுகிறார்கள். அடுத்து ரைஃபிளை மணல்மூட்டையில் வை. திருகியில் அச்சிட்ட தூர எண் ஒரு யோசனைதான். தீர்ப்பு உன் கண்ணுடையது. படம் பளிச்சென்று தெரிகிறதே என்று நிறுத்திவிடாதே. தலையை அசை. கோடு ஓடுகிறதா? ஒரு மயிரிழை திருகு. மறுபடி அசை. இன்னும் ஓடுகிறதா? இன்னும் ஒரு மயிரிழை.

நின்றுவிட்டதா? இப்போது போடு குண்டை.