சிரித்ததே குற்றம்!

காதலர் இருவர், மதம் குறுக்கிட, மனமுடைந்து மாண்டனர் என்று கதை எழுதுங்கள். வைதீகர் வருந்துவர், கண்ணீர்கூடச் சிந்துவர், "பாவம், பருவக் கோளாறு" என்று பெருமூச்செறிவர். அதே காதலர் மணந்தனர், மாடியறையில் குடியேறினர், காலையில் காப்பி அருந்தினர், மாலையில் சண்டையிட்டனர், இரவில் சமாதானமாகிச் சிரித்தனர் என்று எழுதுங்கள் — அப்போது பாருங்கள், அவர்தம் சீற்றத்தை! அழுகையை மன்னிப்போர் சிரிப்பை மன்னிப்பதில்லை. ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடி, தோழர்களே, நாம் அமெரிக்கா வரை சென்று வருவோம்.

அந்நாட்டின் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிலையம், 1972 செப்டம்பர் 16, சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, அரைமணி நேர நகைச்சுவைத் தொடர் ஒன்றைத் தொடங்கிற்று. 'பிரிட்ஜெட் லவ்ஸ் பெர்னி' — பிரிட்ஜெட் பெர்னியைக் காதலிக்கிறாள் — என்பது அதன் பெயர். உருவாக்கியவர் பெர்னார்டு ஸ்லேடு. மெரிடித் பாக்ஸ்டர் பிரிட்ஜெட்டாகவும், டேவிட் பர்னி பெர்னியாகவும் நடித்தனர். பிரிட்ஜெட் ஐரிஷ் மரபில் வந்த கத்தோலிக்கப் பெண்; செல்வர் வீட்டுச் செல்வி; பள்ளி ஆசிரியை; உடன்பிறந்தவனோ பாதிரியார்! பெர்னி யூத இளைஞன். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவன். நாடகாசிரியன் ஆகவேண்டும் என்று கனவு காண்பவன். அவன் பெற்றோர் நியூயார்க்கில் உணவுக்கடை நடத்துகின்றனர். கடைக்கு மேலே மாடியில் இளந்தம்பதியர் இல்லறம் நடத்துகின்றனர்.

இதிலே புரட்சி எங்கே என்று கேட்பீர்கள். சொல்கிறோம். காதற்கதைகளில் பெரும்பாலானவை திருமணத்தோடு முடிந்துவிடும். மாலை மாற்றியதும் திரை விழும். இந்தத் தொடருக்குத் திருமணம் முடிவல்ல, தொடக்கம். மணந்தபின் என்ன? மாமியார் என்ன சொல்வார், மாமனார் எங்கே முகம் சுளிப்பார், எந்தப் பண்டிகையை எந்த வீட்டில் கொண்டாடுவது? இத்தகைய சின்னஞ்சிறு சிக்கல்களே அங்கே கதைப்பொருள். இரு வேறு மதத்தினர் ஒரே கூரையின்கீழ் வாழ்வது பெருந்துயரமல்ல, பெருஞ்சாதனையுமல்ல. மற்ற இல்லறங்களைப்போல அதுவும் ஓர் இல்லறம். இதைத்தான் அத்தொடர் வாரந்தோறும், சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிற்று.

மக்கள் கண்டனர், மகிழ்ந்தனர். 1972–73 பருவத்தில், அமெரிக்க நாடு முழுவதும் பார்க்கப்பட்ட தொடர்களின் வரிசையில் அதற்கு ஐந்தாவது இடம். ஆயினும் 24 வாரக் கதைகளோடு, 1973 மார்ச் 3 அன்று, அதன் கதை முடிந்தது. அத்துணை உயர்ந்த இடத்திலிருந்த தொடர் ஒன்று அதற்குமுன் நிறுத்தப்பட்டதில்லை என்பர்.

நடந்ததென்ன? யூத மதகுருமார் எதிர்ப்புக் கொடி உயர்த்தினர். அவர்களுக்குள்ளே வைதீகர் உண்டு, நடுநிலைப் பழமையர் உண்டு, சீர்திருத்தப் பிரிவினரும் உண்டு; வேறு பலவற்றிலே ஒருவரோடொருவர் ஒத்துப்போகாதோர், இதிலே மட்டும் ஓரணியில் நின்றனர். நிலையத்தாரைக் கண்டு முறையிட்டனர் சிலர். விளம்பரம் தரும் நிறுவனங்களின் பொருள்களைப் புறக்கணிப்போம் என்றனர் சிலர். இம்மட்டில் நின்றிருந்தால் அது கருத்துப் போர். ஆனால், யூதர் தற்காப்பு என்ற பெயரில் இயங்கிய தீவிரக் குழுவினர் தம் வீட்டுக்கே வந்தனர் என்றும், படப்பிடிப்புக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன என்றும் நடிகை பாக்ஸ்டர் பின்னாளில் கூறினார். தயாரிப்பாளர் ஒருவரை மிரட்டியதாக அக்குழுவைச் சேர்ந்த ஒருவர் கைதும் செய்யப்பட்டார். சிரிப்புக்கு மறுமொழி — வெடிகுண்டு!

நிலையம் சொன்ன காரணம் வேறு. எதிர்ப்புக்கும் நிறுத்தத்திற்கும் தொடர்பே இல்லை என்றார் அதன் தலைவர் இராபர்ட் வுட். முந்திய அரைமணியில் வரும் 'ஆல் இன் த ஃபேமிலி'யைக் கண்ட பெருங்கூட்டத்தை இத்தொடரால் முழுவதும் பிடித்து நிறுத்த முடியவில்லை என்று வணிகக் கணக்கும் காட்டப்பட்டது. அது முழுப் பொய் என்று நாம் முடிவு கட்டவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதே நிலையம், அதே பருவத்தில், 1972 நவம்பரில், 'மாட்' என்னும் தொடரில், 47 வயது மனைவியொருத்தி கருக்கலைப்புச் செய்துகொள்ள முடிவெடுப்பதைக் காட்டிற்று. கத்தோலிக்கர் கொதித்தனர், கண்டனம் குவிந்தது, 'மாட்' தொடரோ 1978 வரை நடந்தது. நிற்க விரும்பியபோது நிற்கத் தெரிந்த நிலையம், ஏனோ இங்கே மட்டும் உட்கார்ந்துவிட்டது!

எதிர்த்தவர்களைக் கல்நெஞ்சர் என்று ஏசிவிட்டு நகர்ந்துவிடலாம். எளிது, ஆனால் நேர்மையன்று. அவர்கள் தரப்பை அவர்களைவிட நன்றாக எடுத்துச் சொல்லிப் பார்த்த பின்னரே மறுப்புரைப்பது பகுத்தறிவாளர் கடமை.

அவர்கள் சொன்னது இது: "எங்களில் அறுபது இலட்சம் பேரை இட்லரின் ஆட்சி கொன்று குவித்தது. அந்தப் புகை அடங்கி முப்பதாண்டுகூட ஆகவில்லை. மிஞ்சியவர்கள் நாங்கள். கொலைவாளால் அழிக்க முடியாத எங்களைக் கல்யாண மாலையால் கரைத்துவிடாதீர்கள்." வெறும் கற்பனை அச்சமா அது? இல்லை. 1970-ஐ ஒட்டி எடுக்கப்பட்ட கணக்கு, அண்மையில் மணம் முடித்த அமெரிக்க யூதர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் யூதரல்லாதவரை மணந்தனர் என்று காட்டிற்று. சீர்திருத்தப் பிரிவு ரபிமாரின் மாநாடே, 1973 ஜூனில், கலப்பு மணங்களை நடத்தி வைப்பதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. சிறுபான்மையின் அச்சம் அது. பெரும்பான்மையின் ஆணவம் அன்று.

இந்த வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. அதே அமெரிக்காவில், வெர்ஜீனியா மாநிலத்தில், வெள்ளை இளைஞர் ரிச்சர்டு லவிங்கும், கறுப்பினப் பெண் மில்ட்ரெடும் 1958-இல் மணந்துகொண்டதற்காகக் கைது செய்யப்பட்டனர். ஓராண்டுச் சிறை, அல்லது 25 ஆண்டுகளுக்கு மாநிலத்தைவிட்டு வெளியேற்றம். கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் படைத்ததே கலவாதிருப்பதற்காகத்தான் என்று தீர்ப்பெழுதினார் அந்நீதிபதி! 1967 ஜூன் 12 அன்று உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை உடைத்தெறிந்தது. அன்றுவரை 16 மாநிலங்களில் அத்தகைய சட்டம் உயிரோடிருந்தது. அது வலியோர் எழுப்பிய வேலி. ரபிமார் எழுப்பியது மெலியோரின் வேலி. நோக்கம் வேறு, வரலாறு வேறு. ஆயினும், வேலியின் இருபுறமும் நிற்கும் காதலர் இருவர்க்கு முள் ஒன்றுதான், குருதியும் ஒன்றுதான்.

எனவே கேள்வி இதுவாகிறது: ஒரு சமூகம் வாழவேண்டும் என்பதற்காக, அதன் மகளோ மகனோ தன் மனத்தைப் பலியிட வேண்டுமா?

சமூகம் வேண்டுகோள் விடுக்கலாம். தன் மொழியை, வரலாற்றை, பட்ட துன்பத்தை எடுத்துரைத்து, "இதை மறவாதே" எனலாம். தாய் வருந்தலாம், தந்தை வாதாடலாம். வருத்தப்படும் உரிமையை எவரும் பறிக்க முடியாது. ஆனால், வருத்தம் அதிகாரம் ஆகாது. "உன்னைப் பெற்றோம்" என்பதிலிருந்து "உன் வாழ்வு எங்கள் சொத்து" என்ற முடிவு எந்தத் தர்க்கத்திலும் பிறவாது. தலைகளை எண்ணி வாழும் சமூகம், அத்தலைகளுக்குள்ளே சிந்தனை இருப்பதை மறந்துவிடுகிறது. மனிதர்க்காகச் சமூகமேயன்றி, சமூகத்துக்கு விறகாக மனிதர் அல்லர்.

அவர்தம் ஏடுகளே இதில் ஒருமுகமாக இல்லை என்பதையும் பாருங்கள். வேற்றினத்தாரை மணவாதே என்கிறது ஓரிடம். மணந்துகொண்ட வேற்றுநாட்டு மனைவியரை அனுப்பிவிடச் சொல்கிறது எஸ்றாவின் ஏடு. ஆனால் மோசேயின் மனைவி மீதியான் நாட்டுப் பெண். மோவாபு நாட்டு ரூத்தோ, தாவீது மன்னனின் கொள்ளுப்பாட்டி! அயல்நாட்டுப் பெண்ணுக்குக் கதவு அடைத்திருந்தால், அரசனே பிறந்திருக்க மாட்டான்.

தொடரை நிறுத்தினார்களே, மணங்கள் நின்றனவா? பியூ ஆய்வு நிறுவனம் 2020-இல் கணக்கெடுத்தபோது, 2010-க்குப் பின் மணந்த அமெரிக்க யூதர்களில் 61 விழுக்காட்டினர் யூதரல்லாதவரை மணந்திருந்தனர். சரி, பிள்ளைகள் என்ன ஆயினர்? எதிர்ப்பாளர் எழுப்பிய கேள்விகளிலே மிகக் கடினமானது அதுதான். அதே நிறுவனத்தின் 2013 கணக்கு கூறுகிறது: பெற்றோரில் ஒருவர் மட்டும் யூதராக இருந்த குடும்பங்களில் பிறந்து, 65 வயதைத் தாண்டியவர்களில் 25 விழுக்காட்டினரே தம்மை யூதர் என்றனர், 30 வயதுக்குட்பட்டோரிலோ 59 விழுக்காட்டினர்! கலப்பு மணம் பழியென்றிருந்த நாளிலே பிறந்தவர் பெரும்பாலும் விலகினர். அது வழக்கமாகிவிட்ட நாளிலே பிறந்தவரில் பாதிக்குமேல் பாட்டனாரின் பெயரைத் தாமாக விரும்பி ஏற்றனர். காரணம் பலவாக இருக்கலாம். ஆனால், அச்சுறுத்திக் காப்பாற்றியதைவிட அணைத்துக் காப்பாற்றியது குறைவு என்று இக்கணக்கைக் காட்டிச் சொல்ல எவராலும் முடியாது.

சிரிப்பை ஏன் மன்னிக்கவில்லை என்ற கேள்விக்கு இப்போது வருவோம். இதே கதை, ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்ணும் யூத இளைஞனும் மணக்கும் கதை, ஐம்பதாண்டுகளுக்கு முன்பே நியூயார்க் மேடையேறியது. ஆன் நிக்கல்ஸ் எழுதிய 'ஏபீஸ் ஐரிஷ் ரோஸ்' நாடகம் 1922-இல் தொடங்கி 1927 வரை 2,327 முறை நடந்தது. அதிலே ஓரிணைக்கு மும்முறை திருமணம்: ஒரு மெதடிஸ்ட் போதகர் முன்னே ஒருமுறை, ரபி முன்னே மறுமுறை, பாதிரியார் முன்னே மூன்றாம் முறை! மூன்று மதத்துக்கும் கப்பம் கட்டியாயிற்று. பிரிட்ஜெட்டும் பெர்னியுமோ, குற்றவுணர்ச்சி என்ற கப்பம் கட்டாமலே குடித்தனம் நடத்தினர். எதிர்ப்பாளரின் குறையும் அதுவே: கலப்பு மணத்தை ஆபத்தென்று காட்டாமல், ஏற்கத்தக்கதென்று காட்டிவிட்டார்களே! மாண்டுபோன காதலர் எச்சரிக்கைப் பலகை ஆவர். "மீறினால் இதுதான் கதி" என்று சுட்டிக்காட்ட உதவுவர். மகிழ்ந்து வாழும் காதலரோ, "மீறினால் ஒன்றும் ஆகாது" என்பதற்குச் சான்று. நூறு சொற்பொழிவுக்கு மறுப்புரை எழுதலாம். நிம்மதியாக நடக்கும் ஒரு குடித்தனத்துக்கு என்ன மறுப்புரை எழுத முடியும்?

அமெரிக்காவைப் பற்றிப் பேசியது போதும் என்று நாம் இங்கேயே நிறுத்திக்கொண்டால், அது பாதி நேர்மைதான். திருமணம் புரோகிதருக்குச் சொந்தமன்று, மணமக்களுக்குச் சொந்தம் என்று 1928-இலேயே சுயமரியாதைத் திருமணம் நடத்திக் காட்டிய இயக்கம் நமது. 1967-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சட்டமன்றமே அதைச் சட்டமாக்கிற்று. பெருமைதான். ஆனால் அச்சட்டம் இந்துக்கள் என்று சட்டம் கருதும் இருவர்க்கிடையே நடக்கும் மணத்துக்கே பொருந்தும். பிரிட்ஜெட்டும் பெர்னியும் நம் ஊரில், மதம் மாறாமல், மணக்க விரும்பினால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடலாம். அங்கே முதலில் அறிவிப்பு. அது அலுவலகத்தில் ஊரறிய ஒட்டப்படும். பின்னர் 30 நாள் காத்திருப்பு. காதலர்க்கு அது முப்பது நாள்; துரத்துவோர்க்கு அது முகவரிச் சீட்டு!

சட்டத்தைத் திருத்தப் போராடலாம், போராடுவோம். அதற்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் ஒன்றுண்டு. சாதி மறுத்து மணந்தவர் வெட்டுண்டு வீழ்ந்தால் நாம் ஓடுகிறோம், கண்டனக் கூட்டம் போடுகிறோம், படத்திறப்பு நடத்துகிறோம். நன்று. ஆனால் அதே இணையர் உயிரோடு வாழ்ந்தபோது அவர்க்கு வாடகைக்கு வீடு கொடுத்தோமா? பொங்கலன்று அழைத்து இலை போட்டோமா? அவர்கள் பிள்ளை பிறந்தபோது தொட்டில் ஆட்டச் சென்றோமா? நம் வீட்டுத் தங்கை ஒரு பெயரைச் சொல்லி வந்து நின்றபோது, பெயருக்குப் பின்னே என்னவென்று கேளாமல் இருந்தோமா? மாண்டவர்க்கு மாலை சூட்டத் தெரிந்த நாம், வாழ்பவர்க்கு வாசற்கதவு திறக்கத் தயங்கினால், வைதீகருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவர்கள் விரும்புவதும் கண்ணீர்க் கதையைத்தானே!

தியாகிகளை வணங்குவது போதாது, தோழர்களே. தியாகம் தேவைப்படாத தெருவை அமைப்பதே சீர்திருத்தம். அந்தத் தெருவிலே ஒரு கடை, கடைக்கு மேலே ஒரு மாடி, மாடியிலே விளக்கெரிகிறது, உள்ளே இருவர் எதற்கோ சண்டையிட்டு எதற்கோ சிரிக்கின்றனர். எந்த மதம், எந்த சாதி என்று கீழே நடந்துபோவோர் எவரும் நின்று கேட்பதில்லை. அந்தச் சிரிப்பு 24 வாரத்தோடு நின்றுவிடாதபடி காப்பது நம் கடமை.