கடல்வாழ் பாலூட்டிகளும் கரைவாழ் மக்களும்

2020 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள் பாணந்துறைக் கடற்கரையிலே சுமார் நூறு திமிங்கிலங்கள் வந்து கரைதட்டின. பைலட் திமிங்கிலம் எனப் பெயர்பெற்ற கரியநிற இனம் அது. கூட்டமாக வாழ்வது; கூட்டத்தின் ஒரு பகுதி தடம் மாறினாலும் ஏனையவை அதனை விட்டகலாது பின்தொடரும் இயல்புடையது. அந்நாளில் மேல் மாகாணம் முழுவதும் தொற்றுநோயின் பொருட்டு ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்தது. ஆயினும் கடற்படையினரோடும் கரையோரக் காவற்படையினரோடும் அயலிலுள்ள சாதாரண மனிதரும் அலையில் இறங்கினர். இரவு முழுவதும் அப்பெரும் உடல்களைத் தோள்கொடுத்து ஆழத்தை நோக்கித் தள்ளினர். விடிந்தபோது பெரும்பாலானவை கடலுக்குத் திரும்பிவிட்டன, சில இறந்துபோயின.

அன்று நீரில் இறங்கியவர்களிடம் எவரும் தகுதிப் பத்திரம் கேட்கவில்லை. கட்டணமும் கேட்கவில்லை. கடலை அறிந்த கைகள் வேண்டியிருந்தன, அக்கைகள் வந்தன. அந்த இரவைப் பற்றி எண்ணும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை விட்டகல மறுக்கிறது. ஆபத்து வேளையிலே ஓடிவரும் இம்மனிதருக்கு, அதே உயிரினத்தைப் பற்றிய அறிவு ஆக்கப்படும் வேளையிலே என்ன இடம் கொடுக்கப்படுகிறது?

உயர்வகுப்பு மாணவர் சிலர் தம் ஆசிரியர்களை அணுகி, திமிங்கிலங்களையும் டொல்பின்களையும் ஆவுளியாவையும் ஆராயும் பணியிலே தாமும் சேர வழியுண்டா என்று கேட்பது இப்பொழுது புதுமையன்று. வழிகள் உண்டு. நாரா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் இருக்கிறது. ருகுணுப் பல்கலைக்கழகத்திலே கடற்றொழிலுக்கும் கடல் விஞ்ஞானத்துக்கும் தனிப் பீடம் உண்டு. இவற்றுக்கு அப்பால் உலகெங்கும் தொண்டர்களை அழைக்கும் ஆராய்ச்சித் திட்டங்கள் பல இயங்குகின்றன. அழைப்பு இனிமையானது. ஆனால் அவ்வழைப்புகளை முடிவுவரை வாசித்துப் பார்த்தவர்களுக்கு உண்மை விளங்கும். சம்பளம் இல்லை; பயணச் செலவு உங்களுடையது; உணவும் உறைவிடமும் உங்களுடையவை; பல இடங்களிலே படகில் ஏறுவதற்கே வாரக் கணக்கில் கட்டணம் செலுத்தல் வேண்டும். இவ்வாறு சில மாதங்கள் ஊதியமின்றி உழைத்தவருக்கே 'அனுபவம்' உண்டென்று எழுதப்படுகிறது. அனுபவமுள்ளவருக்கே பின்னர் உத்தியோகம்.

இதனை நடத்துவோர் எல்லோரையும் சுரண்டற்காரர் என்று ஏசிவிடுதல் எளிது, நீதியன்று. கப்பல் ஒன்றைக் கடலிலே நிறுத்தி வைத்திருக்கப் பெரும்பணம் செலவாகிறது. திமிங்கிலத்தை எண்ணுவதற்கு அரசாங்கங்கள் தாராளமாகக் கொடுப்பதில்லை. தொண்டரின் கட்டணத்தினால்தான் பல நல்ல ஆராய்ச்சிகள் உயிர்வாழ்கின்றன என்பது மெய்யே. எனினும், கட்டணம் பணத்தைச் சேர்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஆட்களையும் தெரிவு செய்கிறது. மூன்று மாதம் உழைக்காதிருந்தும் பசியறியாத வீட்டுப் பிள்ளையை உள்ளே விடுகிறது. தந்தையோடு தோணியில் போகாவிட்டால் வீட்டில் உலை எரியாத பிள்ளையை வெளியே நிறுத்துகிறது. 1945 இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது பாடசாலையின் வாசலிலே இருந்த இதே தடைதான் அகற்றப்பட்டது. இன்று அத்தடை பல்கலைக்கழகத்தைத் தாண்டி, கடற்கரையிலே மீண்டும் முளைத்திருக்கிறது. கல்விக்காகப் போராடியவர்கள் இதனைக் கண்டு வாளாவிருத்தல் முறையா?

நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே இவ்வேற்றத்தாழ்வு இன்னும் அப்பட்டமானது. 1979 இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதனையடுத்து 'ரியூலிப்' என்னும் ஆராய்ச்சிப் படகு நம் கடலுக்கு வந்தது. திருகோணமலைக்கு அப்பாலுள்ள திமிங்கிலங்களை உலகம் அறியலாயிற்று. பின்னர் யுத்தம் மூண்டது, அப்பணி அறுபட்டது. வந்தவர்கள் நல்லவர்கள், திறமைசாலிகள். அவர்கள் போனபின் வேலையைத் தொடர்வதற்கு இந்நாட்டிலே பயிற்றப்பட்ட கூட்டம் ஒன்று இருக்கவில்லை என்பதே குறை. அந்நிலையை உடைக்க முனைந்த ஆஷா டி வொஸ் என்னும் இலங்கையர், 'ஒடிசி' என்ற ஆராய்ச்சிக் கப்பலில் ஏற அனுமதி கேட்டு மூன்று மாதங்களாக நாள்தோறும் எழுதியவர். நீலத் திமிங்கிலம் குளிர்க்கடலில் உண்டு, வெப்பக்கடலுக்கு வந்து ஈனும் என்பது பாடநூல் விதி. நம்மைச் சூழ்ந்த கடலிலோ அவை ஆண்டு முழுவதும் வெப்ப நீரிலேயே உண்டு வாழ்கின்றன. இதனை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். செல்வ நாடுகளின் ஆய்வாளர் வந்து தகவல் திரட்டிக்கொண்டு, உள்ளூரில் எதனையும் விட்டுச் செல்லாமற் போகும் வழக்கத்தை 2020 இல் அவர் காலனித்துவ விஞ்ஞானம் என்று பெயரிட்டுக் கண்டித்தார். பெயர் பொருத்தமானதே. நான் அதனோடு ஒன்றைச் சேர்ப்பேன்: கொழும்பிலிருந்து மன்னாருக்குப் போகும் ஆய்வாளரும் அதே வழக்கத்துக்கு ஆளாகலாம்.

இங்கு நீதி ஒன்று மாத்திரம் பேசப்படவில்லை; அறிவின் உண்மையும் இதிலே அடங்கியிருக்கிறது. 1963 ஜனவரி 26 ஆம் நாள் இரத்மலானைக் கரையிலே அலகுபோன்ற மூக்குடைய திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. கொழும்பு அரும்பொருட்சாலையின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகலை அதனைப் புதிய இனமெனக் கண்டு, அலகைக் குறிக்கும் 'ஹொட்ட', கூர்மையைக் குறிக்கும் 'உல' என்னும் சிங்களச் சொற்களைக் கொண்டு 'ஹொட்டவுல' எனப் பெயரிட்டார். பிற அறிஞர் அதனை ஏற்கவில்லை. 1958 இல் யப்பானிலே விவரிக்கப்பட்ட இன்னோர் இனமே இது என்று முடிவு கட்டினர். கிடைத்த மாதிரிகள் மிகச் சிலவாயிருந்தமையால் அம்முடிவைத் தீயநோக்குடையதெனல் ஆகாது. ஐம்பத்தோராண்டுகளின் பின், 2014 இல், இலங்கை, மாலைதீவு, சீசெல்ஸ், கிரிபாட்டி முதலிய இடங்களிலிருந்து பெறப்பட்ட எலும்புகளையும் திசுக்களையும் மரபணு முறையில் ஒப்பிட்டபோது தெரணியகலையே சரியென நிலைநாட்டப்பட்டது. கரையொதுங்கிய உடலொன்றை ஒருவர் கண்டு சொல்லியிராவிட்டால், இன்னொருவர் அதன் எலும்பைப் பேணியிராவிட்டால், இவ்வினம் நமக்கு இன்றும் பெயரற்றே இருந்திருக்கும்.

இவ்விடத்தில் நம்மவர்க்குக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இலாபத்தை ஒழித்து, கடலையும் கப்பலையும் பொதுவுடைமையாக்கிவிட்டால் விஞ்ஞானம் தானாகவே மக்களுடையதாகிவிடும் என்று நம்மிற் பலர் நம்பியிருந்தோம். 1963 க்கும் 1966 க்கும் இடையில் சோவியத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் சர்வதேச ஒப்பந்தத்துக்கு மாறாக அரபிக் கடலிலும் அதனையொட்டிய இந்து சமுத்திரப் பகுதியிலும் 1,294 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. தென்னரைக்கோளத்திலே அந்நாட்டுக் கப்பல்கள் கொன்ற கூனற் திமிங்கிலங்கள் 48,000 க்கு மேல். சர்வதேச ஆணைக்குழுவுக்கு அறிவிக்கப்பட்டவையோ 2,710. முதலாளித்துவக் கம்பனிகள் அதற்கு முன்னரே, பெரும்பாலும் சட்டத்தின் அனுமதியோடு, தென்கடலை வெறுமையாக்கியிருந்தன என்பதும் உண்மையே; அது இதற்குச் சமாதானமாகாது. அக்கப்பல்களிலே உயிரியலாளர் இருந்தனர். அவர்கள் ஒவ்வோர் உடலையும் அளந்தனர், உண்மையான எண்களை எழுதினர், வெளியிட உரிமையில்லாதிருந்தனர். 1993 இலேதான் அலெக்சி யாப்லோகொவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி இம்மோசடியை வெளிப்படுத்தினார். அதன் பின்னர் அவ்வுயிரியலாளர் பேணி வைத்திருந்த குறிப்புகள் வெளிவரலாயின. அவர்களுக்குச் சம்பளம் இருந்தது, பதவி இருந்தது. தாம் கண்டதைச் சொல்லும் உரிமை இருக்கவில்லை. ஆகவே ஆராய்ச்சியிற் 'பங்குபற்றுதல்' என்று நாம் சொல்லும்போது கூலியை மாத்திரமன்றி அவ்வுரிமையையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.

இனி மன்னாருக்கு வருவோம். ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் நம்மவர் அழைக்கும் பிராணி கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. பதின்மூன்று மாதங்களுக்கு மேல் சுமந்து ஒரு குட்டியை ஈனும். அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் செல்லலாம். இத்தகைய உயிரினத்திலே பெரிய பெண் விலங்குகள் சில வலையில் மாண்டாலே அப்பகுதியின் கூட்டம் தேயத் தொடங்கும். மூச்செடுக்க மேலே வரவேண்டிய பிராணியாதலால், வலையில் அகப்பட்டால் நீருக்குள்ளேயே மூச்சுத்திணறி இறக்கிறது. ஒரு காலத்தில் அதன் இறைச்சி மன்னாரிலே விலைபோனது. இன்று அதனைக் கொல்லுதல் சட்டப்படி குற்றம்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்கரையிலே வயது முதிர்ந்த கடற்றொழிலாளர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆவுளியாவைப் பற்றிக் கேட்டு எழுதிச் செல்ல ஆட்கள் வந்ததுண்டா என்றேன். "வந்தவங்க, கேட்டவங்க, எழுதினவங்க. எழுதினதை வாசிச்சுக் காட்ட ஒருத்தரும் திரும்பி வரேல்லை, மாஸ்டர்" என்றார். குற்றஞ்சாட்டும் தொனி அவரிடம் இருக்கவில்லை. மழை வரவில்லை என்பதுபோற் சொன்னார். ஆவுளியா மேயும் இடங்களிலே வலை போடாதிருக்க முடியாதா என்று கேட்டேன். அவ்வினாவை நான் கேட்டிருக்கக் கூடாது என்று இப்பொழுது தோன்றுகிறது. "போடாம விடலாம். விட்டா உலைக்கு அரிசி ஆர் போடுறது?" என்றார்.

இவ்விரண்டாவது கேள்விக்கு விடை சொல்லாமல், பாதுகாப்பைப் பற்றி அவருக்குப் போதிக்க எனக்கு என்ன உரிமை? தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே நீலத் திமிங்கிலங்கள் கூடும் வழியிலேயே உலகின் பெருங்கப்பல்கள் ஓடுகின்றன. மோதி இறக்கும் திமிங்கிலங்களின் கணக்கு முழுமையாக எவருக்கும் தெரியாது. 2022 இல் மிகப் பெரிய கப்பற் கம்பனிகளுள் ஒன்று தன் கப்பல்களைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே விலக்கியது. அது அக்கம்பனி தானாக எடுத்த முடிவு. தோணிக்காரருக்கோ தானாக முடிவெடுக்கும் வசதி கிடையாது; அவருக்குச் சட்டமும் தண்டமும் முன்னரே எழுதப்பட்டுவிட்டன. கடற்புல்லைக் கிழித்தெறியும் இழுவை மடியை 2017 இல் நம் சட்டம் தடை செய்தும், பாக்கு நீரிணையிலே அது ஓய்ந்தபாடில்லை. அப்படகுகளிலும் கூலிக்கு உழைப்போர் ஏழைகளே.

தமிழ்நாட்டின் வனத்துறை, வலையில் அகப்பட்ட ஆவுளியாவை உயிரோடு விடுவித்த மீனவர்க்குப் பரிசுப் பணம் வழங்கியிருக்கிறது. அங்கு 2022 இல் பாக்குக் குடாவிலே 448 சதுர கிலோமீற்றர் பரப்பு ஆவுளியாவின் காப்பகமாக அறிவிக்கப்பட்டும் உள்ளது. பரிசைக் குறை கூற நான் துணியேன். வலையை அறுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புபவருக்கு அது பெரிது. ஆனால் பரிசு கொடுப்பவர் விருப்பத்தைப் பொறுத்தது. அறுத்த வலைக்கு ஈடு பெறுவதும், கண்டதைப் பதிவு செய்யும் நாட்களுக்குக் கூலி பெறுவதும், அப்பதிவு அச்சேறும்போது அதிலே தன் பெயரைக் காண்பதும் உரிமைகளாக வேண்டும்.

ஆசிரிய நண்பர்கள், "நாம் செய்யக்கூடியது என்ன?" என்று கேட்பார்கள். கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்திலே 1998 இல் தொடங்கிய கடற்புற் கண்காணிப்பு முறையைச் சாதாரண மக்கள் பல நாடுகளிலே கையாண்டு வருகின்றனர். வற்று நேரத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி 50 மீற்றர் நீளமான மூன்று கயிறுகளை, ஒன்றுக்கொன்று 25 மீற்றர் இடைவெளியில் விரித்தல் வேண்டும். ஒவ்வோர் ஐந்து மீற்றரிலும் அரை மீற்றர்ச் சதுரச் சட்டமொன்றை வைத்து, அதனுள்ளே புல் எவ்வளவு பரந்திருக்கிறது, எவ்வகைப் புல், எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ளல் வேண்டும். ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே முறையில். கரையோரப் பாடசாலையின் உயிரியல் வகுப்புக்கு இதைவிடச் சிறந்த செய்முறைப் பாடம் எனக்குத் தெரியவில்லை. இறந்தொதுங்கும் உடல்களையும் பதியலாம்: நாள், இடம், மூக்கு நுனியிலிருந்து வாற்பிளவுவரை நேர்கோட்டு நீளம், அருகே அளவுகோல் வைத்தெடுத்த படம். உடலைத் தொடாமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும்; அழுகிய உடலிலிருந்து நோய் பற்றலாம். வாலின் ஓரத்து வெட்டுகளைக் கொண்டு எண்ணெய்த் திமிங்கிலத்தையும், உடலின் புள்ளிக் கோலத்தைக் கொண்டு நீலத் திமிங்கிலத்தையும் தனித்தனியே அடையாளங் காண்கிறார்கள். திருகோணமலையிலும் மிரிஸ்ஸவிலும் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகோட்டிகளிடம் அத்தகைய படங்கள் எத்தனை உறங்கிக் கிடக்கின்றனவோ!

இவற்றிலும் மாணவனின் ஊதியமற்ற உழைப்பு இல்லையா என்று ஒருவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பாட நேரத்திலே பாடமாகச் செய்வது ஒன்று. அப்பதிவை எடுத்து ஒரு நிறுவனம் அறிக்கை எழுதி நிதி பெறுமாயின் அது வேறு. அப்பொழுது கயிறு பிடித்த பிள்ளைகளுக்கும் வழிகாட்டிய தோணிக்காரருக்கும் அந்நிதியில் பங்கு என்ன என்பது, முதற் கயிறு விரிக்கப்படும் முன்னரே எழுத்தில் இருத்தல் வேண்டும். அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் அக்கிராமத்துக்கு வந்து வாசிக்கப்படும் என்பதும் அதே தாளில் எழுதப்பட வேண்டும். மன்னாரில் நான் சந்தித்த பெரியவர் இன்னும் தொழிலுக்குப் போகிறார் என்று கேள்விப்படுகிறேன். வருகிற விடுமுறையிலே, அவர் குறித்துச் சொன்ன புற்றரைகளின் வரைபடத்தை எடுத்துச் சென்று, இடங்கள் சரிதானா என்று அவரிடமே காட்டிக் கேட்க எண்ணியிருக்கிறேன்.