உண்மை அறியும் உரிமை யாருக்கு?

நியூயார்க் நகரின் லெக்சிங்டன் அவென்யூவில் 59 மாடிகளும் 279 மீட்டர் உயரமும் கொண்ட கோபுரம் ஒன்று நிற்கிறது. சிட்டிகார்ப் வங்கிக்காக 1977-இல் கட்டி முடிக்கப்பட்டது. அண்ணாந்து பார்ப்போரை முதலில் திகைக்க வைப்பவை அதன் கால்கள். பெருந்தூண்கள் நான்கும் மூலைகளில் இல்லை. பக்கங்களின் நடுவில் நிற்கின்றன. காரணம் ஓர் ஆலயம். அந்த மனையின் ஒரு மூலையில் புனித பேதுரு பெயரிலான லூத்தரன் ஆலயம் இருந்தது. அதே மூலையில் புதிய ஆலயம் எழுப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் சபையார் இடத்தை விற்றனர். எனவே கோபுரத்தை ஒன்பது மாடி உயரத் தூண்கள்மீது தூக்கி நிறுத்தினார்கள். வங்கி ஆலயத்திற்கு வழிவிட்டதே என்று நாம் மகிழலாம், அது நிற்க.

1978-இல் அதன் கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷூரியர் தம் கணக்குகளை மீண்டும் ஆராய்ந்தார். மூலைவாட்டில் வீசும் காற்று, சில எஃகுச் சட்டங்களில் 40 விழுக்காடு கூடுதல் விசையை ஏற்றும் என்று கண்டார். பற்றவைத்திருக்க வேண்டிய இணைப்புகளோ, செலவு குறையும் என்பதால் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருந்தன. ஆட்டத்தை அடக்க உச்சியில் 400 டன் கான்கிரீட் பாளம் இருந்தது. ஆனால் அது மின்சாரத்தை நம்பியது. மின்சாரம் நின்றால், சராசரியாகப் பதினாறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலே கோபுரத்தை வீழ்த்தும் என்பது அவர் கணிப்பு.

அவர் வாய் திறக்காதிருந்தால் யாரும் அறிந்திருக்கமாட்டார்கள். பெயரும் தொழிலும் போகும் என்று தெரிந்தே வங்கியிடம் சொன்னார். இதுவரை அவரைப் போற்றத் தடையில்லை.

பின்னர் நடந்ததுதான் மனத்தை உறுத்துகிறது. ஆகஸ்டு முதல், ஊழியர்கள் வீடு திரும்பியபின், இரவு தோறும் இருநூறுக்கு மேற்பட்ட இணைப்புகளில் இரண்டு அங்குலத் தடிப்பு எஃகுத் தகடுகள் பற்றவைக்கப்பட்டன. நகர அதிகாரிகளுக்குத் தெரியும். சுற்றியிருந்த மக்களுக்குத் தெரியாது. ஆபத்தில்லை என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நாளிதழ்களும் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தன. செப்டம்பரில் எல்லா என்னும் புயல் கரையை நோக்கி வந்து, கடலுக்குள்ளேயே திரும்பிப் போயிற்று.

பீதியைத் தவிர்க்கவே மறைத்தார்கள் என்பர். அறிய உரிமையற்றவரிடம் உண்மையைச் சொல்லும் கடமை இல்லை என்று நம் அறநெறி இறையியலும் ஏற்கிறது. ஆனால் அக்கோபுரத்தின் நிழலில் உறங்குகிறவனைவிட அதிக உரிமை யாருக்கு உண்டு? புது வீட்டின் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி வீட்டுக்காரனையே சேரும் என்கிறது இணைச்சட்ட நூல். மேலும், பேசாதிருப்பது ஒன்று. ஆபத்தில்லை என்று சொல்வது முற்றிலும் வேறு. முன்னதற்குச் சூழ்நிலை சாக்காகலாம், பின்னது பொய்.

பீதி என்ற காரணத்தையே ஒப்புக்கொள்வோம். வேலை முடிந்தபின் அக்காரணம் எங்கே? 1995-இல் நியூயார்க்கர் வார இதழ் எழுதும்வரை உலகம் அறியவில்லை. அந்தப் பதினேழு ஆண்டுகளில் வேறு கோபுரங்கள் எழுந்தன. அவற்றைக் கட்டியவர்களுக்கும் இப்பாடம் மறுக்கப்பட்டது. இரகசியத்தால் பயனடைகிறவனே அதன் நீதிபதியாகவும் அமர்ந்தால் இப்படித்தான் நேரும்.

அண்மைக் காலத்தில் அமெரிக்க அரசின் தர ஆய்வு நிறுவனம் புதிய முறையில் கணக்கிட்டு, மூலைக்காற்று அவர் அஞ்சிய அளவுக்குக் கொடியதல்ல என்று கண்டது. அதனால் லெமெஷூரியர் சொன்னது வீணாகிவிடுமா? தவறான தகவலைக் கொண்டிருந்தாலும் மனச்சான்று ஒருவனைக் கட்டுப்படுத்தும் என்றே அக்குவினா தோமையார் கற்பித்தார். அவர் பேசியது அப்போதும் சரி, இப்போதும் சரி. ஆனால் மறைத்தவர்கள் இப்புதுக் கணக்கின் பின்னே ஒதுங்க முடியாது. கோபுரம் விழக்கூடும் என்று நம்பிக்கொண்டே அவர்கள் மக்களிடம் ஆபத்தில்லை என்றார்கள்.