அறியாமை என்னும் சாக்கு

கொல்லும் எண்ணமின்றிச் செய்த செயலால் உயிர் மடியின் அது கொலையாகுமா? மாணவர் இவ்வாறு வினவியபோதெல்லாம், எண்ணத்தையே முதலில் நோக்குக என்று விடையிறுத்து வந்தோம். அவ்விடை போதாது என இன்று தோன்றுகிறது.

ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவை ஒட்டிய ஊர்களில், கைகால் மரத்து, பார்வை குறுகி, நாக்குழறும் நோய் 1956இல் வெளிப்பட்டது. அசிட்டால்டிஹைடு செய்யும் ஆலையொன்றின் பாதரசக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியே மக்களை அடைந்திருந்தது. கருவிலிருந்த சிசுவையும் அந்நஞ்சு விட்டுவைக்கவில்லை. 1959இல் குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் பாதரசமே காரணமென அறிவித்தனர். அவ்வாண்டே ஆலை மருத்துவர் கழிவுநீரைப் பூனைக்கு ஊட்டிப் பார்த்தார். பூனைக்கும் அந்நோய் கண்டது. நிர்வாகம் அதனை மறைத்தது.

அதன் பின்னரும், நீகாத்தாவில் ஓடும் அகானோ ஆற்றின் மேற்பகுதியில், வேறொரு நிறுவனம் அதே முறையில் ஆலை நடத்திக் கழிவை ஆற்றில் விட்டது. 1965இல் கீழ்ப்பகுதி மக்களிடையே அதே நோய் கண்டறியப்பட்டது. 1971இல் நீதிமன்றம் அந்நிறுவனமே பொறுப்பெனத் தீர்ப்பளித்தது.

அங்கும் எவரையும் கொல்லும் எண்ணம் எவர்க்கும் இருந்திராது. ஆராய்ந்து பார்க்கும் எண்ணமும் இல்லை. குற்றம் அங்கேதான் உள்ளது. புலனாகா உயிர்க்கும் இடர் நேராதிருக்கவன்றோ நாம் நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுகிறோம்? காணவில்லை என்பதை நம் முன்னோர் சாக்காக ஏற்றதில்லை.

பள்ளி ஆய்வகத்தில் வெப்பமானி உடைந்தபோது, சிதறிய பாதரசத்தை நாமே தண்ணீர் ஊற்றிச் சாக்கடையில் கழுவிவிட்டதுண்டு. அது எங்குச் சென்றதென அன்று நாம் கேட்கவில்லை.