கைதூக்கும் முன் கேளுங்கள்

சேவைச் சங்கத்து அன்பர்களே,

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் உங்கள் முன் வரலாம். உகாண்டாவிலோ கென்யாவிலோ ஒரு கிராமத்துக்கு ஆழ்துளைக் கிணறு, அதற்கு இத்தனை டாலர், ஆதரிப்பவர்கள் கைதூக்கலாம் என்பார் தலைவர். நல்ல காரியம்தானே என்று எல்லாக் கைகளும் உயரும். தேநீர் வரும், கூட்டம் கலையும். அந்தக் கையை உயர்த்துவதற்கு முன் சற்றே பொறுங்கள். கிணறு வெட்டித் தருகிறோம் என்று ஒப்புக்கொள்வது, நாம் முகம் பார்த்திராத சில நூறு பேருக்கு வாக்குக் கொடுப்பது. கொடுத்த வாக்கு கிணற்றில் தண்ணீர் வந்த அன்றோடு தீர்ந்துவிடாது. தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டிய காலம் முழுவதும் அது நம் தலைமேல் இருக்கிறது.

தேவை எத்தனை பெரிது என்பதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து எடுத்த கணக்கின்படி, 2022இல் பாதுகாப்பான குடிநீர் வசதி கிடைக்காதவர்கள் 220 கோடிப் பேர். வீட்டில் தண்ணீர் வசதி இல்லாத பத்துக் குடும்பங்களில் ஏழில், தண்ணீர் சுமப்பது பெண்களும் சிறுமிகளும்தான். கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் எங்கும் காணும் மஞ்சள் பிளாஸ்டிக் கேன் நிரம்பினால் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பெண்பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடக்கிறாள். 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை, தூய குடிநீர் மனித உரிமை என்று அறிவித்தது. ஆகவே நாம் தருவது அவளுக்குப் போடும் பிச்சை அல்ல, அவளுக்குச் சேர வேண்டியது. பிச்சை போட்டவர் திரும்பிப் பாராமல் போகலாம். பிறருக்குச் சேர வேண்டியதைக் கையில் எடுத்தவர் அப்படிப் போக முடியாது.

உங்கள் மரபு பெருமைக்குரியது. 1905இல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரி, தன் முதல் பொதுப்பணியாக அந்த நகருக்குக் கேட்டது பொதுக் கழிப்பறை. பிறர் வாய்விட்டுப் பேசக் கூசிய தேவைக்காக அன்று முன்வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களிடம் கடிந்தும் பேசத் துணிகிறேன்.

ரோட்டரியானாலும் அரிமாவானாலும் சங்கத்தின் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. தலைவர் ஓராண்டுக்குத்தான் தலைவர். தம் காலத்தில் ஒரு கிணறாவது திறக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், ஆண்டறிக்கையில் அது வர வேண்டும் என்று அவர் விரும்புவது இயற்கை. அடுத்து வருபவருக்கும் அதே விருப்பம். முன்னவர் போட்ட பம்பைப் பழுதுபார்த்தேன் என்று அறிக்கையில் எழுத யாருக்கும் ஆசை இருப்பதில்லை. ஆனால் கிணற்றுக்கு ஓராண்டுக் கணக்கு கிடையாது. அது இருபது முப்பது ஆண்டுகள் ஊருக்குத் தண்ணீர் தர வேண்டியது.

விளைவைப் பாருங்கள். 2009இல் வெளியான ஒரு தொகுப்புக் கணக்கின்படி, சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் அடிபம்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓடாமல் நின்றன. பத்தாண்டு கழித்து வந்த ஆய்வும் நான்கில் ஒன்று ஓடவில்லை என்றது. நின்ற பம்பு ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு கூட்டத்தில் யாரோ கைதூக்கியிருக்கிறார்கள், யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள், யாரோ ரிப்பன் வெட்டியிருக்கிறார்கள். பம்பு நின்ற மறுநாள் அந்தச் சிறுமி மறுபடியும் சேற்றுக் குட்டைக்குப் போகிறாள். இனி வெளியூரிலிருந்து வருபவர் எதைச் சொன்னாலும் அவள் தாய் நம்பமாட்டாள். அந்த நம்பிக்கையை எந்த நன்கொடையாலும் திரும்ப வாங்க முடியாது.

அடிபம்பு ஏன் நிற்கிறது? பெரும்பாலும் சிறிய காரணம்தான். ஆப்பிரிக்காவில் பரவலாக உள்ள இந்தியா மார்க் 2 பம்பு நம்மவருக்கு அந்நியமானதல்ல. 1970களில் யுனிசெஃபின் துணையோடு உருவாகி, கோயம்புத்தூர்ப் பகுதிக் கிராமங்களில் சோதிக்கப்பட்டு, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டது அது. உகாண்டாவில் அதே வடிவத்துக்கு யு2 என்று பெயர். உழைக்கும் பம்புதான். ஆனாலும் உள்ளே சிலிண்டரில் இருக்கும் வாஷர் தேயும். அந்தச் சின்ன வாஷரை மாற்றுவதற்கு, கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் இரும்புக் குழாய்கள் அத்தனையையும் மேலே இழுக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும், பழகிய மெக்கானிக் வேண்டும், தூக்க ஆட்கள் வேண்டும், உதிரிபாகம் விற்கும் கடை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நிலத்தடி நீரில் அமிலத்தன்மை இருந்தால் துத்தநாகம் பூசிய குழாயும் சில ஆண்டுகளில் அரித்துப்போகும். தண்ணீர் துருநிறமாகி, வாயில் வைக்க முடியாமல், ஊரே அந்தக் கிணற்றைக் கைவிடும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போட்டிருந்தால் இது நேராது. விலை கூடுதல்தான். அந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, அது குடிக்கத் தக்கதா என்று சோதித்தாக வேண்டும். வங்கதேசத்தை நினையுங்கள். குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மடிந்தார்கள் என்று 1970களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். கிருமி இல்லாத நீர் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆர்செனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 1993இல் உண்மை தெரிந்தபோது பல கோடி மக்கள் நெடுநாளாக அந்த நஞ்சைக் குடித்துவந்திருந்தார்கள். பிறகு கிணறுகளைச் சோதித்து, ஆகாதவற்றுக்குச் சிவப்பும் ஆகக்கூடியவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். அந்தக் கிணறுகளை இறக்கியவர்கள் கெட்டவர்கள் அல்ல, நம்மைப் போன்ற நல்ல மனம் படைத்தவர்கள். எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா நாடுகளின் பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதியில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது. ஆய்வக அறிக்கையைக் கண்ணால் பார்க்காமல் எந்தக் கிணற்றையும் திறக்காதீர்கள்.

புதுமைக்கும் மயங்காதீர்கள். குழந்தைகள் விளையாட்டாகச் சுற்றும் ராட்டினமே தண்ணீர் இறைக்கும் என்ற பிளேபம்பு 2006இல் உலகத்தின் மனதைக் கவர்ந்தது. 4,000 பம்புகள் போடப்போவதாக, 6 கோடி டாலர் திரட்டும் பெருமுயற்சி தொடங்கியது. ஒன்றின் விலையில் சாதாரண அடிபம்பு நான்கு போட்டிருக்கலாம். குழந்தைகள் எந்நேரமும் விளையாடுவார்களா? அவர்கள் ஓய்ந்ததும் வயதான பெண்கள் அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளினார்கள். இது உங்களுக்குச் சரிப்படுமா என்று அந்தப் பெண்களை முதலில் கேட்டிருந்தால் போதும். தண்ணீர் சுமப்பவர்களைக் கேளுங்கள். கிணறு எங்கே அமைய வேண்டும், எந்நேரம் தேவை, கட்டணம் எவ்வளவு தாங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். குழுவில் பெண்களை ஒப்புக்கு உட்கார வைக்காமல், கணக்கும் சாவியும் அவர்கள் கையில் இருக்கச் செய்யுங்கள்.

“பராமரிப்பு அந்த ஊராரின் பொறுப்பு, நாம் எத்தனை நாள் தாங்குவது?” என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்பார். அவருக்கு மரியாதையோடு பதில் சொல்லுங்கள். நம்மில் யாரும் நகராட்சி மோட்டாரைத் தாமே பிரித்துப் பழுதுபார்ப்பதில்லை. கட்டணம் கட்டுகிறோம், அதற்கென்று உள்ள ஆள் வந்து பார்க்கிறார். உலகத்திலேயே வசதி குறைந்தவர்கள் மட்டும் மெக்கானிக்காகவும் பொறியாளராகவும் ஆக வேண்டும் என்பது என்ன நியாயம்? கென்யாவின் கிட்டூய், குவாலே பகுதிகளில் ஃபண்டிஃபிக்ஸ் என்ற பராமரிப்புச் சேவை நடக்கிறது. ஊரார் மாதந்தோறும் சிறு தொகை கட்டுகிறார்கள், போதாததை ஓர் அறக்கட்டளை நிதி ஈடுசெய்கிறது, பழகிய மெக்கானிக் வந்து சரிசெய்கிறார். அதற்கு வழிகாட்டிய சோதனையில், பழுதுபார்க்க ஏறத்தாழ ஒரு மாதம் காத்திருந்த நிலை மாறி, மூன்று நாளுக்குள் பம்பு ஓடத் தொடங்கியது.

ஓராண்டுப் பதவி என்பதும் சாக்காகாது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூரில் ஏரி வாரியத்தார் 360 நாள்தான் பொறுப்பில் இருந்தார்கள். ஆனாலும் ஏரி பாழாகாமல் காக்க வழி இருந்தது. தூர் வாருவதற்கென்றே பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் மண் எடுக்கச் செய்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆட்கள் மாறினார்கள், முதல் மாறவில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பத்துக் கிணற்றுக்குப் பணம் சேர்ந்தால் ஏழு வெட்டுங்கள். மிச்சத்தைப் பராமரிப்புக்கென்று முதலாக வையுங்கள், எந்தத் தலைவரும் தொட முடியாதபடி எழுதி வையுங்கள். அந்நாட்டு ரோட்டரி சங்கத்தைக் கூட்டாளியாக்கி, ஆண்டுக்கு இருமுறை ஓடுகிறதா இல்லையா என்று அறிக்கை கேளுங்கள். பெயர்ப்பலகையில் நம் பெயருக்குப் பதிலாக, பழுதானால் கூப்பிட வேண்டிய மெக்கானிக்கின் தொலைபேசி எண்ணைப் பொறியுங்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். சங்கம் இதுவரை வெட்டிய கிணறுகளின் பட்டியலைச் செயலாளரிடம் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றும் இன்று ஓடுகிறதா என்று விசாரியுங்கள். நின்றுபோனது ஒன்றே ஒன்று இருந்தாலும் புதிய தீர்மானத்தை நிறுத்திவைத்து, அதை முதலில் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் புதுக் கிணற்றுக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே அதற்குப் போதும். ரிப்பன் இருக்காது, படமும் இருக்காது. அந்த ஊருக்குத் தண்ணீர் கிடைக்கும், நாம் கொடுத்த வாக்கும் நிற்கும். இதற்கு ஒப்புதல் உண்டா என்று தலைவர் கேட்கும்போது, முதல் கையாக உங்கள் கை உயரட்டும்.