தானும் மனமும்

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் ஐந்தாம், ஆறாம் சுலோகங்களை எடுத்தாள்பவர்கள் பலரும், மனமே மனிதனுக்கு நண்பன், மனமே பகைவன் என்று பொருள் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மூலத்தில் மனம் என்ற சொல் அந்த இடத்தில் இல்லை. இருப்பது 'ஆத்மா'. நண்பனும் அதுவே, பகைவனும் அதுவே. உயர்த்துவதும் உயர்த்தப்படுவதும் அதுவே. ஒரே சொல் வேற்றுமையை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது. தமிழில் இதற்கு நேரான சொல் 'தான்'.

உரையாசிரியர்கள் இந்தச் சொல்லை அப்படியே விட்டுவைக்கவில்லை. வெல்லப்படுகிற ஆத்மாவை உடலும் இந்திரியங்களும் சேர்ந்த தொகுதி என்று சங்கரர் பிரிக்கிறார். ராமானுஜர் மனம் என்றே கொள்கிறார். இருவருக்கும் அவரவர் தத்துவ நிர்ப்பந்தம் உண்டு. தூய ஆத்மா தனக்கே பகையாவது எப்படி என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமே. ஆனால் தத்துவத்தில் நேர்ந்த இந்தப் பிரிவினை, வாழ்க்கைத் தளத்துக்கு இறங்கும்போது நமக்கு ஒரு சௌகரியத்தைத் தந்துவிடுகிறது. குற்றம் மனத்தினுடையது, நான் அதனிடம் மாட்டிக்கொண்ட அப்பாவி.

'மனசு கேட்கவில்லை' என்று சொல்கிறோம். குடியை விட முடியாதவனும் இதைத்தான் சொல்கிறான். பேச்சுவார்த்தை அற்றுப்போன தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு, வைராக்கியத்தை விட்டு ஓடுகிறவனும் இதைத்தான் சொல்கிறான். இரண்டு இடத்திலும் மனம் கட்டளைக்கு அடங்கவில்லை. அடங்காத மனம் பகை என்றால் இருவரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டும். நான் வைக்கமாட்டேன்.

அர்ஜுனனே இதற்குச் சாட்சி. முதல் அத்தியாயத்தில் அவன் மனம் சுழல்கிறது, காண்டீபம் நழுவுகிறது. உறவினரைக் கொல்ல மறுத்த மனம் அது. கிருஷ்ணன் அதைப் பேடித்தனம் என்கிறான். ஆறாம் அத்தியாயத்தில், மனம் காற்றைப்போலப் பிடிபடாதது என்று அர்ஜுனன் மறுபடி முறையிடுகிறான். கிருஷ்ணன் அதை ஒப்புக்கொண்டு அப்பியாசத்தையும் வைராக்கியத்தையும் வழியாகச் சொல்கிறான். பதஞ்சலி சூத்திரத்திலும் இதே ஜோடி உண்டு. வழி சரி. எதற்காக அடக்குவது என்பதை வழி சொல்லாது.

இது வெறும் தர்க்கமல்ல. குருக்ஷேத்திரம் மனத்துக்குள் நடப்பது என்று வாசித்த காந்தியின் கீதை மொழிபெயர்ப்பு, 'அநாசக்தி யோகம்', 1930இல் வெளிவந்தது. அவரை 1948இல் சுட்டுக் கொன்ற கோட்சே 1949 நவம்பரில் தூக்குமேடைக்குப் போனபோது கையில் கீதை இருந்தது. மனத்தை அடக்கியது மட்டுமே அளவுகோல் என்றால், கொன்றவனையும் கொல்லப்பட்டவரையும் அது பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்டுகிற அளவுகோல் அதே அத்தியாயத்தில், முப்பத்திரண்டாம் சுலோகத்தில் இருக்கிறது. பிறர் சுகத்தையும் துக்கத்தையும் தன்னையே உவமையாகக் கொண்டு காண்பவன் உயர்ந்த யோகி என்கிறது அது. அங்கும் வருகிற சொல் ஆத்மாதான். தனக்குத் தான் நண்பனாவது என்று தொடங்கியது, பிறனைத் தானாகக் காண்பதில் முடிகிறது. ஐந்தாம் சுலோகத்தில் 'தான்' இருந்த இடத்தில் மனத்தைக் கொண்டுவந்து வைத்தால் இந்த இழை அறுந்துவிடும். மிஞ்சுவது ஒரு தேகப்பயிற்சி. அர்ஜுனன் மனத்தின் சஞ்சலத்தைப் பற்றி முறையிடுவது இந்தச் சுலோகத்தை அடுத்துத்தான் என்பதும் கவனிக்கத்தக்கது. அவனுக்குக் கடினமாகத் தோன்றியது மூச்சை அடக்குவதல்ல என்று நினைக்கிறேன்.

தமிழ் அக மரபில் நெஞ்சு வேறு விதமாக நடத்தப்படுகிறது. குறளில் நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என்று இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன. அவர் நெஞ்சு அவர் பக்கம் நிற்கிறது, நீ ஏன் என் பக்கம் நிற்கவில்லை என்று தலைவி கேட்கிறாள். அவள் நெஞ்சை ஜெயிக்கப் பார்க்கவில்லை. அதனோடு பிணங்குகிறாள், பிணங்குகிற அளவுக்கு அதற்கு ஒரு தனிக்குரல் இருப்பதை மதிக்கிறாள். காமத்துப்பாலில் இருப்பதால் இதை ஒழுக்க விசாரத்தில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பேன். அடங்க மறுக்கும் மனத்தை ஒடுக்குமுன், அது யாருக்காக மறுக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. தம்பிக்காகவா, பாட்டிலுக்காகவா? இந்தக் கேள்வியை எந்தச் சாஸ்திரமும் நமக்காகக் கேட்டுவிட முடியாது.